கூட்டம் மொய்க்கும் ஏரியில் கோடை மீன்பிடி விடுமுறை: தேதி குறிப்பது முதல் கிளம்பும் நாள் வரை

கோடை விடுமுறைக்குத் தூண்டில் போடக் கிளம்பும் புதியவர்கள் முதலில் ராடும் (தூண்டில் கோல்) ரீலும் (நரம்பு சுற்றும் உருளை) வாங்குகிறார்கள், அடுத்து அறை எடுக்கிறார்கள். ஏரியைப் பற்றி யோசிப்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான். இந்த வரிசையே தலைகீழ். மோட்டார் படகும் ஸ்கீயிங்கும் நீச்சலுமாக நிறைந்திருக்கும் ஏரியில் எந்த நாள், எந்தக் கரை, எந்த நேரம் என்ற மூன்றும்தான் மீன் மாட்டுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடலாம்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படியில் கிடைக்கும் விவரம் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. முதலில் தேதி

உங்களால் நகர்த்த முடிந்தால், செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாட்கள் உங்கள் பயணத்தின் நடுவில் வரும்படி வையுங்கள். பொழுதுபோக்கு ஏரிகளில் கூட்டம் வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறது. நீங்கள் ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்தால் படகுத்துறை காலியாகிக்கொண்டிருக்கும். தொடர் விடுமுறை வரும் வாரத்தைத் தொடவே வேண்டாம். அந்த நாட்களில் விடியற்காலைகூட அமைதியாக இருக்காது.

கோடையின் தொடக்கமா கடைசியா என்று தேர்வு செய்ய முடிந்தால், புதியவர்களுக்குத் தொடக்கமே நல்லது. நீர் இன்னும் முழுதாகச் சூடாகியிருக்காது, மீன்கள் கரையை ஒட்டியே மேயும், படகு இல்லாதவருக்கும் எட்டும். வெயில் ஏறஏற அவை ஆழத்துக்கு நகர்ந்துவிடும்.

நீங்கள் போவது அணைக்கட்டு நீர்த்தேக்கம் என்றால், நீர்மட்டத்தையும் கேட்டு வையுங்கள். பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு, படகு இறக்கும் சரிவு தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அதுவரை ஆழத்தில் இருந்த பாறையும் மரக்கட்டையும் படகின் அடியை உரசும் உயரத்துக்கு வந்திருக்கும்.

2. அறை எடுக்கும் முன்பே விதிகளைப் படியுங்கள்

விதிகளைக் கடைசியில் பார்ப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. முன்பணம் கட்டிய பிறகுதான், அந்த வாரத்தில் தான் தேடும் மீனுக்குத் தடைக்காலம் என்றோ, இரவில் மீன் பிடிக்க அனுமதி இல்லை என்றோ தெரியவருகிறது.

விதிகள் ஊருக்கு ஊர், சில சமயம் ஒரே ஊரில் ஏரிக்கு ஏரி மாறும். ஆகவே பக்கத்து ஏரியின் அனுபவத்தை நம்பாமல், அந்த ஏரிக்கான அதிகாரபூர்வமான விதித்தாளை எடுத்து இவற்றைத் தேடுங்கள்: யாருக்கெல்லாம் உரிமம் வேண்டும், எந்த வயதுக் குழந்தைக்கு வேண்டாம், ஒருவர் எத்தனை ராடு போடலாம், உயிருள்ள இரைக்கு அனுமதி உண்டா, ஈயக்குண்டுக்குத் தடை உண்டா, படகு ஓட்டத் தனிச் சான்று வேண்டுமா.

மீனின் அளவு விதியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சில இடங்களில் குறைந்தபட்ச நீளம் மட்டும் இருக்கும். சில இடங்களில் நடுத்தர நீளமுள்ள மீன்களைத் திரும்ப விட்டே ஆக வேண்டும், சிறியதும் மிகப் பெரியதும் மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். நீளத்தை அளப்பதிலும் வேறுபாடு உண்டு. வாயை மூடி, வால் இதழ்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து நுனிவரை அளப்பது ஒரு முறை. வாலின் பிளவுவரை மட்டும் அளப்பது இன்னொரு முறை. எது உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியாமல் அளவுகோலை எடுத்துப்போவதில் பயனில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கலாம் என்ற வரம்பும், கையில் மொத்தம் எத்தனை வைத்திருக்கலாம் என்ற வரம்பும் வேறுவேறாக இருக்கக்கூடும். அறையின் ஃப்ரீசரில் இருக்கும் நேற்றைய மீனும் இரண்டாவது கணக்கில் சேரும்.

3. ஆழ வரைபடத்தில் ஏரியைப் படியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். அடிமட்ட ஆழத்தைக் கோடுகளாகக் காட்டும் வரைபடம் பெரிய ஏரிகள் பலவற்றுக்குக் கிடைக்கும், கைப்பேசிச் செயலிகளிலும் இருக்கும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் அங்கே அடிமட்டம் செங்குத்தாக இறங்குகிறது. விலகி இருந்தால் சமதளம்.

பென்சிலால் இவற்றை வட்டமிடுங்கள்: நீருக்குள் நீண்டு இறங்கும் நிலமுனை, ஆழத்தின் நடுவே மேடாக எழும் இடம், ஓடை வந்து கலக்கும் வாய், நீர்ச்செடிப் பரப்பு முடிந்து ஆழம் தொடங்கும் ஓரம். மீன் வெட்டவெளியில் சும்மா நிற்பதில்லை. ஆழமும் மேடும் சேரும் ஓரத்தில் நின்றால், பசித்தபோது மேலே ஏறி மேயவும் மிரண்டபோது கீழே இறங்கவும் அதற்கு வசதி.

அடுத்து, அதே வரைபடத்தில் மனிதர்களைக் குறியுங்கள். படகுத்துறைகள், வாடகைப் படகு நிலையம், நீச்சல் கரை, ஸ்கீயிங் நடக்கும் அகன்ற நீர்ப்பரப்பு, இவற்றையெல்லாம் இணைக்கும் படகுப் பாதை. மெதுவாக மட்டுமே போக அனுமதியுள்ள பகுதிகளுக்கு வேறு நிறம் கொடுங்கள். அந்த மெதுவேகப் பகுதிகள்தான் உங்கள் தங்கச் சுரங்கம். குறுகிய விரிகுடாவில் அலை எழுப்பத் தடை இருந்தால், நண்பகலிலும் அங்கே நீர் கலங்காமல் இருக்கும்.

இரண்டு வகைக் குறிகளையும் சேர்த்துப் பார்த்தால், மீனுக்குப் பிடித்து மனிதர்களுக்குப் பிடிக்காத இடங்கள் கொஞ்சம் மிஞ்சும். அவற்றுக்கு எண் போடுங்கள். வாடகைப் படகில் போகிறவர் நிலையத்திலிருந்து தூரத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். வழியிலேயே காலை கழிந்துவிடக் கூடாது.

4. இப்போது தங்குமிடம்

நீங்கள் எண் போட்ட இடங்கள் எந்தக் கரையில் அதிகம் இருக்கின்றனவோ அந்தக் கரையில் தங்குங்கள். அழகான முகப்புள்ள விடுதி எதிர்க்கரையில் இருந்தால், தினமும் விடியலில் அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து போக வேண்டும், காற்று எழுந்த பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும். சிறு படகுக்கு அது நல்லதில்லை.

முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை: படகை இரவில் கட்டிவைக்க இடம் உண்டா, மீன் சுத்தம் செய்யத் தனி மேடை உண்டா, ஐஸ் கிடைக்குமா, துறை எத்தனை மணிக்குத் திறக்கும். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. துறையின் கதவு எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்றால் உங்கள் திட்டம் மொத்தமும் வீண்.

5. படகா, கரையா

சொந்தப் படகு இல்லையென்றால் முழு விடுமுறைக்கும் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. இரண்டு வார நாட்களுக்குப் படகு, மற்ற நாட்களில் கரை அல்லது மீன்பிடி மேடை என்று பிரித்தால் போதும். அந்த ஏரியில் பழகிய வழிகாட்டி ஒருவரை முதல் நாள் மட்டும் அமர்த்துவது, புதுச் சாமான் வாங்குவதைவிடப் பயன் தரும். கயாக் என்ற சிறு துடுப்புப் படகு அமைதியானதுதான். ஆனால் தாழ்வாக இருப்பதால் வேகப் படகு ஓட்டுபவர் கண்ணில் படாது. பளிச்சென்ற நிறத்தில் உடையும் கொடியும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. சாமான்: குறைவாக, சரியாக

ஓர் ஆளுக்கு 2 மீட்டர் நீளத்தில் நடுத்தர வலிமையுள்ள ஒரு ஸ்பின்னிங் ராடும், அதற்குப் பொருந்தும் ரீலும், 3 முதல் 4 கிலோ தாங்கும் தூண்டில் நரம்பும் போதும். ஏரியில் சாதாரணமாக மாட்டும் பெரும்பாலான மீன்களுக்கு இது சரிவரும். பெரிய கெளுத்தியோ, பைக் என்ற கூர்பல் மீனோ தேடினால் மட்டும் தடிமனான நரம்பு வேண்டும். பைக்கின் பல் நரம்பை அறுத்துவிடும் என்பதால் அதற்கு முன்முனையில் கம்பி கட்ட வேண்டும்.

நரம்பை ரீலின் விளிம்புவரை நிறைக்காதீர்கள். 2, 3 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். முழுக்க நிறைந்த ரீலில் இருந்து வளையம் வளையமாகக் கழன்று சிக்கிக்கொள்ளும்.

முள்ளின் எண் புதியவர்களைக் குழப்பும். 2, 4, 6, 8 என்று எண் ஏறஏற முள் சிறிதாகும். சாய்கோடு போட்ட 1/0, 2/0 வரிசையில் எண் ஏறஏற முள் பெரிதாகும். பலரும் தேவைக்கு மீறிப் பெரிய முள்ளை வாங்கி, இரையை மட்டும் பறிகொடுக்கிறார்கள். புழுவுக்கு 6 அல்லது 8 போதும்.

டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை நழுவவிடும் இறுக்கத்தை, வீட்டிலேயே சரிசெய்யுங்கள். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு விசைக்கு ரீல் நழுவ வேண்டும். 4 கிலோ நரம்பு என்றால், ஒரு கிலோ அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். நரம்பின் நுனியைக் கைத்தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இறுக்கி வைத்தவரின் நரம்பு, பெரிய மீன் முதலில் பாயும்போதே அறுந்துபோகும்.

இதோடு நீர்மேல் கூசும் ஒளியைத் தடுக்கும் போலராய்ட் கண்ணாடி, முள் கழற்றும் இடுக்கி, அளவுகோல், ரப்பர் கண்ணியுள்ள கைவலை, ஆள் அளவுக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட் போட்டால், தண்ணீரில் விழும்போது தலைவழியாகக் கழன்றுவிடும்.

7. முதல் நாள்: ஏரியின் ஆழத்தைத் தொட்டுப் பாருங்கள்

போய்ச் சேர்ந்ததும் தூண்டிலைத் தூக்காதீர்கள். முதல் மாலையில் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. மீன் எந்த ஆழத்தில் நிற்கக்கூடும் என்று கண்டுபிடிப்பது.

ஆழமான ஏரி கோடையில் மூன்று அடுக்காகப் பிரியும். மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர், நடுவே வெப்பம் சட்டென்று இறங்கும் மெல்லிய அடுக்கு. சூடான நீர் இலேசானது என்பதால் கீழே உள்ளதோடு கலப்பதில்லை. அடியில் இருக்கும் நீருக்கு மேலிருந்து புதுக் காற்று கிடைக்காது. மட்கும் செடிகொடிகள் அங்கே இருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். பாசியும் செடியும் செழித்த ஏரிகளில் கோடையின் பிற்பகுதியில் அடி அடுக்கில் மீன் வாழவே முடியாது. "ஆழத்தில்தான் பெரிய மீன்" என்று ஏரியின் நடுவில் அடிவரை இரையை இறக்கி நாள் முழுக்கக் காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் இரை போடும் இடத்தில் மீனே இல்லை.

அந்த நடு அடுக்கைக் கண்டுபிடிக்கும் வழி இது. வாய் குறுகிய பாட்டிலுக்குள் சிறு வெப்பமானியைப் போட்டு, ஈயம் கட்டி, வாயைத் தக்கையால் மூடுங்கள். மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் இறக்குங்கள். வேண்டிய ஆழம் வந்ததும், தக்கையில் கட்டிய இரண்டாவது கயிற்றைச் சுண்டினால் அந்த ஆழத்து நீர் உள்ளே நிறையும். மேலே இழுத்து உடனே படியுங்கள். 5 மீட்டர் வரை 25 டிகிரி, 6-ல் 23, 7-ல் 20, 8-ல் 17 என்று வந்தால், 5 மீட்டருக்குக் கீழே அடுக்கு தொடங்குகிறது என்று பொருள். மீன் காட்டும் கருவி இருந்தால் வேலை இன்னும் எளிது. உணர்திறனைக் கூட்டினால் அடுக்கு மங்கலான பட்டையாகத் திரையில் தெரியும்.

இப்போது வரைபடத்தை எடுத்து 5, 6 மீட்டர் ஆழக் கோட்டைப் பின்தொடருங்கள். நீங்கள் வட்டமிட்ட நிலமுனையையும் மேட்டையும் செடி ஓரத்தையும் அந்தக் கோடு எங்கே தொடுகிறதோ, அங்கேதான் பகல் நேரத்தில் தூண்டில் போட வேண்டும். ஏரி முழுதும் தேட வேண்டிய வேலை, நாலைந்து இடமாகச் சுருங்கிவிடும்.

இரண்டு விதிவிலக்குகள். ஆழமில்லாத ஏரியில் காற்றே நீரைக் கலக்கிவிடும், அடுக்கு உருவாகாது. அங்கே நிழலையும் ஓடை வாயையும் தேடுங்கள். தெளிந்த, மிக ஆழமான குளிர் ஏரிகளில் அடியிலும் ஆக்சிஜன் இருக்கும். அங்கே குளிர்நீரை விரும்பும் ட்ரௌட் வகை மீன்கள் அடுக்குக்குக் கீழேதான் நிற்கும்.

8. நாளை மூன்றாகப் பிரியுங்கள்

விடியலுக்கு முன்பு தொடங்கி ஒன்பது மணிவரை முக்கியமான நேரம். வெளிச்சம் குறைவு, மேல்நீர் இரவில் கொஞ்சம் ஆறியிருக்கும், படகுகள் இல்லை. மீன் கரையோரத்துக்கு ஏறி மேயும். அந்த நேரத்தில் ஆழத்துக்கு ஓடாமல் செடி ஓரத்திலும் நிலமுனையின் மேற்பகுதியிலும் போடுங்கள். வெயில் ஏறும்போது அதே நிலமுனையின் சரிவில் படிப்படியாக இறங்குங்கள்.

பத்து மணிக்கு மேல் மாலை வரை ஏரி கூட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தோடு வந்திருந்தால் இந்த நேரத்தை அவர்களுக்கே முழுதாகக் கொடுங்கள். தூண்டில் போடாதவர்களுக்கும் இது விடுமுறைதான். விடியலில் இருந்து இருட்டும்வரை படகிலேயே இருக்கத் திட்டமிட்டவர்கள் இரண்டாம் நாளே வெயிலில் வாடி, மூன்றாம் நாள் விடியலில் எழுந்திருக்க முடியாமல் போவதுதான் வழக்கம்.

நண்பகலில் போயே ஆக வேண்டுமென்றால் மெதுவேக விரிகுடாவில் படகுத்துறை நிழல்களைத் தேடுங்கள். இன்னொரு வாய்ப்பும் உண்டு. படகுகளின் அலை தொடர்ந்து மண்கரையில் மோதும்போது கலங்கிய நீர் ஒரு பட்டையாகப் பரவும். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டில், சிறு மீன்களுக்காகப் பெரிய மீன்கள் காத்திருக்கும். இரையை அந்தக் கோட்டை ஒட்டி இழுங்கள்.

மாலையில் சூரியன் சாய்ந்ததும் துறையில் நெரிசல். எல்லோரும் கரையேறும் அந்த ஒரு மணி நேரம் நீங்கள் கரையில் இருந்து போடுங்கள், அப்புறம் படகை எடுக்கலாம். இரவு அனுமதி இருந்தால், கெளுத்திக்கு அதுவே நல்ல நேரம்.

மேகமூட்டமும் தூறலும் உள்ள நாள் வந்தால் இந்தக் கால அட்டவணையை மறந்துவிட்டுப் பகலெல்லாம் போடுங்கள். நீச்சல்காரர்கள் வரமாட்டார்கள், வெளிச்சமும் மந்தம். இரண்டு மூன்று நாள் ஒரே திசையில் காற்றடித்தால், காற்று போய் மோதும் கரைக்குப் போங்கள். மிதக்கும் நுண்ணுயிர்கள் அங்கே ஒதுங்கும், அவற்றைத் தேடிச் சிறு மீன்கள், அவற்றைத் தேடிப் பெரியவை.

9. படகுத்துறையிலும் நீரிலும் நடந்துகொள்ளும் முறை

படகு இறக்கும் சரிவில் நின்று சாமான் ஏற்றுவதுதான் கூட்டமான ஏரியில் சண்டைக்கு முதல் காரணம். பக்கத்தில் வாகனம் நிறுத்துமிடத்திலேயே எல்லாவற்றையும் ஏற்றி, படகை டிரெய்லரோடு கட்டிய பின்பக்கப் பட்டையைக் கழற்றி, படகின் வடிகால் துளைக்கு அடைப்பான் போட்டாயிற்றா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வரிசைக்கு வாருங்கள். அடைப்பான் போடாமல் இறக்கிய படகு, துறையை விட்டு நகர்வதற்குள் நிறையத் தொடங்கும்.

நங்கூரம் எப்போதும் முன்பக்கத்தில் இருந்துதான். பின்பக்கம் கட்டினால், வேகப் படகு எழுப்பும் அலை தாழ்வான பின்பகுதி வழியாக உள்ளே ஏறும். கயிறு ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விட வேண்டும். குட்டையாக விட்டால் நங்கூரம் பிடிக்காமல் இழுபடும். படகு காற்றோடு சுற்றும் வட்டத்துக்குள் வேறு படகு வராதபடி இடம் விடுங்கள். படகுப் பாதையில் நங்கூரம் போடவே கூடாது.

பெரிய அலை வந்தால் படகின் மூக்கைக் கொஞ்சம் சாய்வாக அலைக்குத் திருப்பி, எல்லோரும் உட்கார்ந்துகொள்ளுங்கள். இரண்டு மோட்டார் படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வரும் படகு உங்கள் வலப்பக்கத்தில் இருந்தால் வழி அதற்கு. விடியலுக்கு முன்பு கிளம்பினால் முன்னே இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும், பின்னே வெள்ளையும் எரிய வேண்டும்.

10. வானமும் நீரும்

கோடைப் பிற்பகலில் இடிமழை வேகமாகத் திரளும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் என்றால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும், அதாவது மின்னல் 10 கிலோமீட்டருக்குள். ஆனால் அந்த எண்ணிக்கைக்காகக் காத்திருக்காதீர்கள். அகன்ற ஏரியில் கரைசேரவே கால்மணி நேரம் ஆகலாம், மேகம் கறுக்கும்போதே திரும்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி நீரில் இறங்க வேண்டும்.

பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல நீர்மேல் ஏடு படர்ந்திருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். நச்சுப் பாசியாக இருக்கலாம். குழந்தையையும் நாயையும் அந்த நீரில் விடக் கூடாது.

11. மாட்டிய மீனை வைப்பதா, விடுவதா

முள் மாட்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைக்குப் பக்கம்தான். போராடிக் களைத்த மீன் அதில் எளிதில் தேறாது. திரும்ப விடப்போகிறீர்கள் என்றால் சீக்கிரம் இழுத்து, கையை நனைத்துக்கொண்டு, முடிந்தால் நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் கேமராவைத் தயாராக வைத்துவிட்டு மீனைத் தூக்குங்கள். நீர் 20 டிகிரிக்கு மேல் போய்விட்டால் ட்ரௌட்டைப் பிடித்து விடும் எண்ணத்தையே கைவிடுவது நல்லது.

சுமார் 10 மீட்டருக்குக் கீழே இருந்து இழுத்த மீனின் காற்றுப்பை உப்பிவிடும். விட்டாலும் அது கீழே இறங்க முடியாமல் மேலேயே மிதக்கும். விடும் எண்ணம் இருந்தால் அந்த ஆழத்தில் போடாதீர்கள்.

வைத்துக்கொள்வதென்றால், கயிற்றில் கோத்துப் படகோரம் தொங்கவிட வேண்டாம். சூடான மேல்நீரில் மீன் மெதுவாகச் செத்து, சதை குழைந்துவிடும். உடனே கொன்று, செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, உடைத்த ஐஸுக்குள் புதையுங்கள். ஐஸ் உருகிய நீர் பெட்டியில் இருந்து வடிய வழி இருக்கட்டும்.

12. கிளம்பும் நாள்

படகு, டிரெய்லர், நங்கூரக் கயிறு, வலை எல்லாவற்றிலும் ஒட்டிய செடியையும் சேற்றையும் கரையிலேயே கழற்றுங்கள். படகின் உள்நீரை வடித்து, நன்றாகக் காயவிடுங்கள். வரிச் சிப்பி (zebra mussel) என்ற அந்நியச் சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோடு பயணம் செய்து அடுத்த ஏரியில் குடியேறும். குடியேறிவிட்டால் அவற்றை ஒழிக்க வழியில்லை என்றே சொல்லலாம். மிஞ்சிய உயிர் இரையையும் ஏரியில் கொட்டாதீர்கள். அதை மூடிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், மண்புழுவுக்கும் அதே விதிதான்.

அறையைக் காலி செய்யும் முன் வரைபடத்தில் நீங்கள் போட்ட எண்களுக்குப் பக்கத்தில் தேதி, நேரம், ஆழம், நீரின் வெப்பம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதிவிடுங்கள். மீன் மாட்டாத இடங்களையும் எழுதுங்கள். அடுத்த முறை இதே ஏரிக்கு வந்தால் மூன்றாவது படியை அங்கிருந்தே தொடங்கலாம்.